ஒரு பூச்சு அதிகம்

மேஜை நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடிக்கும் அந்தப் பாலிஷ்காரருக்குச் சபையில் வைத்த பெயர் பம்பரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அவர் மட்டும் ஒரு கையில் கோப்பையை வைத்துக்கொண்டு மறு கையால் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். கீல் கிறீச்சிட்டதா என்றால், இல்லை. இனிமேல் கிறீச்சிடுமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம், அவ்வளவுதான். யாராவது, "கொஞ்ச நேரம் உக்காருங்களேன்" என்றால், "இதோ, இத மட்டும் முடிச்சிட்டு" என்பார். அந்த 'இது' இன்றுவரை முடிந்ததாகத் தகவல் இல்லை.

சோம்பேறிகளைத் திட்ட உலகத்தில் ஆள் பஞ்சமே கிடையாது. இந்த மாதிரி ஆட்களைத் திட்டத்தான் ஒருத்தரும் வருவதில்லை. மாறாக, தட்டிக் கொடுக்கிறார்கள். 'அப்பா, என்ன உழைப்பு!' என்று வாய் பிளக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் படுகிற பாட்டை யார் கேட்டார்கள்?

அவர் ஒன்றும் பிறக்கும்போதே பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு பிறக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவர் வேலை பார்த்த மேஜை நாற்காலித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மாமனார் வீட்டில் கொஞ்ச காலம் இருக்க வேண்டி வந்தது. மாமனார் தங்கமான மனுஷர், முகம் சுளித்ததே இல்லை. ஆனால் ஒரு நாள் மச்சான் யாரிடமோ ஃபோனில், "அத்தானா? சும்மாதான் இருக்காரு" என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. மச்சான் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். இவருக்குத்தான் அந்தச் 'சும்மா' சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கு எழுந்தவர்தான், அதற்கப்புறம் சரியாக உட்காரவே இல்லை. சொந்தப் பட்டறை வந்தது, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள், மச்சானுக்குத் தலையில் முடி கொட்டியது. இவர் இன்னும் அந்த ஃபோனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டூட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆலயத்துக்கு வருவார். வந்து, கடைசித் தூண் பக்கத்தில் தோளில் பையோடு ஆராதனை முழுக்க நின்றுகொண்டே இருப்பார். உட்காரச் சொன்னால் மாட்டார்.

"உக்காந்தா தூங்கிடுவேங்க. கடவுள் சந்நிதியில குறட்டை விட்டா நல்லாவா இருக்கும்?"

வீட்டிலும் அதே கதைதான். படுக்கையறைக்கு அடுத்ததுதான் பட்டறை. காலையில் வந்து அந்த அம்மாள் தலையைச் சாய்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் உப்புத்தாள் கர் கர் என்று தேயும். கொஞ்ச நேரம் புரண்டுவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் எழுந்துட்ட?" என்று கேட்பார் பாலிஷ்காரர்.

"நீங்க நின்னுக்கிட்டு இருக்கும்போது நான் எப்படிப் படுக்கறது? மனசு கேக்க மாட்டேங்குது."

இதை அவர் ரொம்ப காலம் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில்தான் ஆலயத்து பெஞ்சுகளுக்குப் பாலிஷ் போடும் வேலை வந்தது. போதகர் கேட்டதும் பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வார்னிஷைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெடிப்புகளை அடைத்து, புது வார்னிஷ் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் தேய்த்து மறு பூச்சு என்று வாரம் முழுக்க இழைத்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பூச்சும் முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை கண்ணாடி மாதிரி இருந்தது.

அவருடைய பட்டறையில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு போர்டு மாட்டியிருப்பார். 'பூசுவது எங்கள் வேலை. காய்வது காற்றின் வேலை. நடுவில் கை வைக்காதீர்கள்.' இதையே போதகரிடமும் கறாராகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலைல நானே வந்து தொறக்கறேன் ஐயா. அதுவரைக்கும் ஒரு ஈ, எறும்பு உள்ள வரக் கூடாது."

"உங்களையும் சேத்துத்தானே?" என்று கேட்டார் போதகர். ஆளை அவருக்குத் தெரியும்.

"என்னையும் சேத்துத்தான்" என்று சிரித்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சனிக்கிழமை மனைவிக்கு இரவு வரைக்கும் டூட்டி இல்லை. காலையிலேயே சொல்லிவிட்டார்.

"மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்திரிக்கறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ஆத்தங்கரைப் பூங்காவுக்குப் போவோம். ஒண்ணும் வாங்க வேணாம், ஒண்ணும் செய்ய வேணாம். அந்த மரத்தடி பெஞ்சுல பேசாம உக்காந்திருப்போம். எனக்கு அது போதும்."

"போலாமே" என்றார் அவர்.

"இதோ, இத முடிச்சிட்டுன்னு சொல்லக் கூடாது."

"எத முடிக்கறது? அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே. வாக்குன்னா வாக்குதான்."

மத்தியானம் அம்மாள் தூங்கப் போனார். பாலிஷ்காரர் கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கையை மடியில் வைத்தார். அது ஏதோ அடுத்த வீட்டுக்காரர் கையைத் தூக்கி மடியில் வைத்த மாதிரி இருந்தது. கால் தானாக ஆட ஆரம்பித்தது. இருப்புக் கொள்ளவில்லை. அப்போது பார்த்து மனசு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. மூன்றாவது வரிசையில் அந்த ஓர பெஞ்சின் கைப்பிடி கொஞ்சம் மங்கலாகத் தெரியவில்லை? தெரிந்தது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். சும்மா பார்க்கப் போகிறவர் கையில் வார்னிஷ் டப்பாவும் பிரஷ்ஷும் எதற்கு என்று கேட்க வழியில் யாரும் அகப்படவில்லை.

கைப்பிடிக்கு ஒரு பூச்சுக் கொடுத்தார். பாலிஷ் வேலையில் ஒரு பொல்லாத குணம் உண்டு. ஓரிடத்தில் புதுப் பளபளப்பு ஏறினால் பக்கத்து இடம் சோகை பிடித்தது போலாகிவிடும். கைப்பிடி மின்னியது, அந்த பெஞ்சு மங்கியது. பெஞ்சுக்கும் கொடுத்தார், வரிசை மங்கியது. வரிசைக்கும் கொடுத்தார். கடைசியில் பிரசங்க மேடைக்குப் பின்னால் இருந்த போதகர் நாற்காலியைக்கூட விடவில்லை. வெள்ளிக்கிழமைப் பூச்சு உள்ளே இன்னும் முழுசாகக் காயவில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. வேறு யாராவது அதன்மேல் இன்னொரு பூச்சுக் கொடுத்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். இதற்குள் வெளியே தூறல் போட்டது. ஈரமும் தூசியும் உள்ளே வரக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினார். காற்றின் வேலை என்று போர்டில் எழுதி வைத்தவர் காற்றையே வெளியே தள்ளிப் பூட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. மனைவி யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் பாலிஷ்காரருக்குப் பூங்கா ஞாபகம் வந்தது. வாய் தானாக ஒரு பொய்யைச் சொன்னது.

"போதகர் கூப்பிட்டாரும்மா. அவசரமா ஒரு வேலை. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அம்மாள் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சபை வேலைன்னா போகத்தானே வேணும். அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை. அதைப் பார்த்தும் பார்க்காதது போல அவர் கையைக் கழுவப் போய்விட்டார். அன்று இரவு, 'எல்லாம் ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம்தானே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்த் திறந்தார். பெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. விரல் நுனிக்குக் காய்வது வேறு, ஆள் உட்காரக் காய்வது வேறு என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. பெருமை கண்ணை மறைத்தால் அரிச்சுவடியும் மறந்துபோகும். சபையார் வந்தார்கள், பெஞ்சுகளைப் பார்த்து அசந்துபோனார்கள். "முகம் தெரியுதுங்க!" என்றார் பாடகர் குழுவை நடத்தும் தையல்காரர். பாலிஷ்காரருக்குத் தலை கூரையில் இடித்தது. ஆரம்பப் பாட்டுகளை எல்லோரும் நின்று பாடினார்கள். பிறகு பிரசங்கத்துக்கு உட்கார்ந்தார்கள். வழக்கம்போல மனைவி டூட்டி முடிந்து வந்து கடைசித் தூணருகே நின்றார்.

போதகர் அன்று இயேசு படகில் தூங்கியதைப் பற்றிப் பேசினார்.

"கடல் கொந்தளிக்குது. சீஷர்கள் தண்ணியை மொண்டு ஊத்தறாங்க, கத்தறாங்க, கையும் ஓடல காலும் ஓடல. நம்ம ஆண்டவர் என்ன பண்ணாரு? தலையணை வச்சுத் தூங்கினாரு! அது சோம்பேறித்தனமா? இல்லைங்க. அப்பா பாத்துக்குவாருங்கற தைரியம். முழிச்சிருந்து பயப்படறதுக்கு விசுவாசம் வேண்டாம். நிம்மதியாத் தூங்கறதுக்குத்தான் விசுவாசம் வேணும்."

நல்ல பிரசங்கம், நீளமான பிரசங்கமும்கூட. பாலிஷ்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே, பக்கத்து ஜன்னலுக்கு எந்த நிற வார்னிஷ் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மூடிய ஆலயம், அத்தனை பேரின் சூடு, மேலே ஓர் ஈரப் பூச்சு. நடக்க வேண்டியது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் எழுந்து நின்னு முடிவுப் பாட்டைப் பாடுவோம்" என்றார் போதகர்.

ஆர்மோனியம் ஆரம்பித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

போதகர் மறுபடியும் கையை உயர்த்தினார். சபை முழுக்க ஒரு முனகல் எழுந்தது. தையல்காரர் வேகமாக எழப் பார்த்தார். டர்ர்ர் என்று ஒரு சத்தம். உடனே உட்கார்ந்துவிட்டார். "யாரும் எழுந்திரிக்காதீங்க! துணி போயிரும்!" என்று அலறினார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று அத்தனை பேரும் உறைந்தார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது. போதகர் அதிர்ச்சியில் தொப்பென்று தன் நாற்காலியில் சாய்ந்தார். அதுவும் நேற்றுப் பூசியதுதான் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

"என்ன பம்பரம் இது? வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னீங்க?"

பாலிஷ்காரர் ஒரு சமாதானம் தேடினார். அதற்குள் கடைசித் தூண் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நேத்து ஐயாதானே அவசரமாக் கூப்பிட்டீங்க?"

"நானா? நேத்து நான் ஊர்லயே இல்லையேம்மா!"

சபையார் எல்லோரும் பாலிஷ்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். திருப்ப முடிந்தது தலையை மட்டும்தான். எழுந்து ஓடிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் தான் போட்ட பாலிஷ் எவ்வளவு உறுதியானது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. முந்தின நாள் மனைவி சிரித்த உயிரில்லாத சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"ஐயா கூப்பிடல" என்றார். "நானாத்தான் போனேன். அவகிட்ட பொய் சொன்னேன். பூங்காவுக்கு வரேன்னு வாக்குக் குடுத்துட்டு... என்னால சும்மா இருக்க முடியல. தப்புத்தான்."

அம்மாள் பையோடு முன்னால் நடந்து வந்தார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிலர் ஆசையோடும் எதிர்பார்த்தார்கள்.

"ஒரே ஒரு பெஞ்சுல என்கூட உக்காரச் சொன்னேன், வரல" என்றார். "இப்பப் பாருங்க, பெஞ்சு உங்கள விடமாட்டேங்குது."

சபை குலுங்கிச் சிரித்தது. போதகர் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

அம்மாள் பையைத் திறந்து பஞ்சையும், குழந்தைகளுக்குத் தேய்க்கிற எண்ணெயையும் வெளியே எடுத்தார். நோயாளிகள் உடம்பிலிருந்து பிளாஸ்டர் பிரித்துப் பிரித்துப் பழகிய கை. "யாரும் இழுக்காதீங்க. மூச்சை விட்டுட்டுத் தளர்வா இருங்க. ஓரத்துல இருந்து மெதுவாத்தான் வரணும்" என்றபடி பின்வரிசையில் ஆரம்பித்தார். துணிக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெய்ப் பஞ்சை விட்டு, ஒவ்வொருவராகப் பிரித்தார். முதலில் விடுபட்டவர்களை ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். காற்று உள்ளே வந்தது.

பாலிஷ்காரருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ராத்திரி முழுக்கக் கண் விழித்த மனைவி குனிந்து குனிந்து வேலை செய்கிறார். இவர் உட்கார்ந்திருக்கிறார்!

"நான் வந்து கொஞ்சம் உதவி..."

"அசையாதீங்க!" என்றது மொத்தச் சபையும்.

தையல்காரரைப் பிரித்துவிட்டபோது அவர் சும்மா போகவில்லை. "பட்டறையில ஒரு போர்டு மாட்டியிருக்கீங்களே அண்ணே, காய்றது காத்து வேலைன்னு. அது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, அம்மாள் கையிலிருந்து பஞ்சை வாங்கிக்கொண்டார். "குடுங்க அக்கா, துணிய நோகாமப் பிரிக்க எனக்குத் தெரியாதா? போய் உக்காருங்க."

"நான் உக்காந்தா..."

"தூங்கிடுவீங்க. தெரியும். தூங்குங்க" என்றார் போதகர் தன் நாற்காலியிலிருந்தே. "இப்பதானே அதைப் பத்தி அவ்வளவு நேரம் பேசினேன். ஒருத்தராவது கேட்டீங்கன்னு இருக்கட்டும்."

அம்மாள் முதல் வரிசைக்கு வந்தார். வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுத்து வந்து, பாலிஷ்காரர் பக்கத்தில் பெஞ்சின்மேல் விரித்தார். அவருக்குப் பகீரென்றது. ஈர வார்னிஷில் செய்தித்தாள் ஒட்டினால் அச்சு முழுக்கப் பலகையில் இறங்கிவிடும். அதை எடுக்க வெறும் மரம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். 'ஐயோ, வேண்டாம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவியின் கண்களைக் கிட்டத்தில் பார்த்தார். எத்தனை நாள் தூக்கம் பாக்கி என்று தெரியாத கண்கள். வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த மிகப் பெரிய வேலை அதுதான்.

"என்னையும் பிரிச்சு விட்டுரும்மா" என்றார் மெல்ல.

"ஏன்? எங்க போகணும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். பட்டறை, ஜன்னல், கீல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றுகூடச் சொல்லத் தகுதியாகப் படவில்லை.

"கடவுள நம்பறேன் நம்பறேன்னு சொல்றீங்க" என்றார் அம்மாள். கோபமில்லாத குரல், ஆனால் விளையாட்டும் இல்லை. "நீங்க நம்பறது உங்க பிரஷ்ஷத்தான். அதக் கீழ வச்சா உலகம் நின்னு போயிரும்னு பயம். ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க சும்மா இருந்தாலும் உங்கள அவருக்குப் பிடிக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கும்தான்."

சொல்லிவிட்டு அவர் தோளில் தலையைச் சாய்த்தார். அடுத்த மூச்சுக்குள் தூங்கிவிட்டார்.

பாலிஷ்காரர் ஆடாமல் அசையாமல் இருந்தார். அந்தப் பழைய ஃபோன் பேச்சு காதில் வந்தது. 'சும்மாதான் இருக்காரு.' ஆமாம், இருக்கிறேன், என்று மனசுக்குள் முதல் முறையாகப் பதில் சொன்னார். அதற்கு மேல் அந்த ஃபோனுக்குப் பேச ஒன்றுமில்லை. கண் கலங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் மனைவி விழித்துக்கொள்வார் என்று அப்படியே வழிய விட்டார்.

எல்லோரும் விடுபட்ட பிறகு தையல்காரர் எண்ணெய்ப் பஞ்சோடு கடைசியாக இவரிடம் வந்தார்.

"வாங்கண்ணே, உங்க முறை."

பாலிஷ்காரர் உதட்டில் விரலை வைத்தார். "அப்புறம்" என்று வாயை மட்டும் அசைத்தார்.

தையல்காரர் பின்னால் நின்ற போதகரைப் பார்த்தார். போதகரையும் பிரித்தாகிவிட்டது. நாற்காலியின் பளபளப்பில் பாதி அவர் அங்கியோடு வந்திருந்தது.

"நாங்க போகணுமே. கதவைப் பூட்டணுமே" என்று குசுகுசுத்தார் போதகர்.

பாலிஷ்காரர் தோள் அசையாமல், இடது கையால் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"பூட்டிட்டுப் போங்க ஐயா. சாயங்காலமா வந்து தொறங்க. பெஞ்சும் காயட்டும்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார் பம்பரம்.

கதவு சாத்தப்பட்டது. கீல் ஒரு தடவை கிறீச்சிட்டது, நன்றாகக் கேட்டது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்து பெஞ்சுகளின்மேல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் மெல்லிய குறட்டை. குற்ற உணர்ச்சி வழக்கம்போல வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் அவரும் தூங்கிப்போனார்.